பாஸ்போர்ட்டில் கூடிய எட்டு வயது

ஹிருத் அன்று காலை இருபத்தெட்டு வயதோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பொது மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவளுக்கு முப்பத்தாறு வயது ஆகிவிட்டது.

ஆக்கியவர் திருமதி ஹென்ஷெல். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, மேஜையில் ஒரு கள்ளிச்செடி. ஹிருத்தின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கணினியில் தட்டினார், தட்டியதை நிறுத்திவிட்டு மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"மாணவர் காப்பீடு முப்பது வயசு வரைக்கும்தாம்மா. நீங்க அதைத் தாண்டி ஆறு வருஷம் ஆயிடுச்சு."

ஹிருத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரிடமோ சொல்கிறார் என்றே நினைத்தாள். பின்னால் யாரும் இல்லை. தனக்கு இருபத்தெட்டுதான் என்றாள். திருமதி ஹென்ஷெல் பாஸ்போர்ட்டைத் திருப்பி வைத்துப் பிறந்த வருஷத்தின் கீழே விரலை ஊன்றினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.

ஆமாம், அவள் பிறந்த வருஷம் அதுதான். அதில் என்ன தப்பு என்று அவளுக்கு முதலில் நிஜமாகவே விளங்கவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது.

எத்தியோப்பியாவின் காலண்டர் ஐரோப்பாக்காரர்களின் காலண்டருக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் நடப்பது. அங்கே எண்பத்தேழு என்றால் இங்கே தொண்ணூற்றைந்து. அடிஸ் அபாபாவில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஐரோப்பியக் கணக்கில் போடச் சொன்ன கட்டத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் பழகிய எண்பத்தேழைத் தட்டியது ஹிருத்தேதான். பழி போடக்கூட இன்னொரு ஆள் கிடையாது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவள் சும்மா விடவில்லை. அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிசகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வருஷத்தையும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பழகிய எண், சரியாகத்தான் இருந்தது. மூடி வைத்தாள். அதற்குப் பிறகு விசா, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்து அதையே எழுதினாள். எந்த மகராசனும் அவளிடம் உனக்கு என்ன வயது என்று வாய்விட்டுக் கேட்கவில்லை.

முப்பது தாண்டி வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் மாணவருக்குப் பொதுக் காப்பீட்டில் இடமில்லை, தனியாரிடம்தான் போகவேண்டும் என்றார் திருமதி ஹென்ஷெல். குரலில் கடுமை இல்லை. ஆனால் சொன்னதில் மாற்றமும் இல்லை. ஹிருத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். டிராமில் ஏறினாள், தப்பான டிராம் என்பது சாலே ஆற்றுப் பாலம் வந்தபோதுதான் தெரிந்தது.

பொதுக் காப்பீட்டிலேயே நோய் உண்டா என்று கேட்பார்கள் என்று நம்பியிருந்தாள், தனியார் என்றால் துருவியே கேட்பார்கள். அங்கேதான் ஹிருத்தின் உயிர் இருந்தது. ஒன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல, வேளாவேளைக்கு இன்சுலின் ஏற்றினால்தான் மறுநாள் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த இன்சுலின், ஃபிரிட்ஜ் கதவில் கடுகுச் சாந்து பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெண்ணெய் டப்பாவில் இருந்தது. இழுத்துப் பிடித்தால் இன்னும் இரண்டு வாரம் வரும். காப்பீடு இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் பெயர் ஏறாது, பெயர் ஏறாவிட்டால் விசா நிற்காது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று புதன்.

வீட்டில் கெதாச்சு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அதே வீட்டில் இன்னொரு அறையில் இருப்பவர், அவள் நாட்டுக்காரர், மண்ணைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர். இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குள் எப்படி நுழைவது என்பது தனக்குத்தான் தெரியும் என்கிற ஆள். ஹிருத் வந்திறங்கிய வாரமே, "எனக்கு எந்த நோயும் இல்லை" என்பதை ஜெர்மன் மொழியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, யார் கேட்டாலும் முகம் மாறாமல் ஒப்பிக்க வேண்டும் என்று கட்டளையும் போட்டிருந்தார். அவளும் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றியிருந்தாள்.

நடந்ததைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நீ எனக்கு அக்காவா? இனிமே காபி நான்தான் போட்டுத் தரணுமா?"

அவள் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தவர் அடுப்பை அணைத்தார். பெர்லினில் இருக்கும் தூதரகத்துக்குப் போன் போட்டார், இரண்டு பேரிடம் பேசினார், மூன்றாவது ஆளிடம் கெஞ்சினார். பாஸ்போர்ட்டைத் திருத்தலாம், ஊரிலிருந்து காகிதம் வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து ஒரு தனியார் நிறுவனத்தின் பக்கத்தைக் காட்டினார். பெயர், ஊர், படிப்பு. அடுத்த கேள்வி, ஏதாவது நோய்க்குச் சிகிச்சை எடுக்கிறீர்களா.

"இல்லன்னு போடு. உனக்கு இதுவரைக்கும் தும்மல்கூட வந்ததில்ல."

"இன்சுலின் இருக்கேண்ணா?"

"அது ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற விஷயம். உன் ஃபிரிட்ஜை எவன் வந்து திறந்து பாக்கப்போறான்?"

இன்சுலினுக்கு இவர்கள் பணம் கட்டுவார்களா என்று அவள் கேட்டாள். கெதாச்சு தாடியைச் சொறிந்தார். பிறகு ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். கட்டமாட்டார்கள். பொய் என்று தெரிந்தால் மொத்தத்தையும் ரத்து செய்வார்கள். தனியார் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வயது சரியானாலும் படிப்பு முடிகிறவரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது.

"அப்ப எதுக்குண்ணா இந்தக் காப்பீடு? என் பேருக்கா, என் உடம்புக்கா?"

"முதல்ல பேர் ஏறட்டும். உடம்பை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அந்த எண்பத்தேழின் மேல் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு வேளை ஊசி தவறவிடாமல் தன்னைக் கட்டிக் காத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தவளை, கைப்பழக்கத்தில் தட்டிய ஒரு எண் தெருவில் நிறுத்திவிட்டதை அவளால் நம்பவே முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடி பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து பார்த்தாள். இப்போதும் அவள் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. அதுதான் கொடுமை.

நாளைக் காலை ஒரே ஒரு தடவை அந்த அம்மாளிடம் போய்ப் பேசிப் பார்ப்பது, நடக்காவிட்டால் மத்தியானம் வந்து "இல்லை" என்று தட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். ரொட்டியில் ஒரு கடி கடித்தாள், அலுவலகம் திறக்கும் நேரமாகிவிட்டது. தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது ஒன்பது வயதில் அவள் படித்த முதல் பாடம். அன்று அது மறந்துபோனது. தோள்பையில் வழக்கம்போல ஊசி வைக்கும் சின்ன உறை இருந்தது. அந்த உறையின் பின்பக்க மடிப்பில் ஒரு அட்டையும் இருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா, வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செய்து கொடுத்தது. உறைகள் மாறும்போதெல்லாம் அட்டையும் கூடவே மாறி வந்தது. அதை வெளியே எடுத்துப் பார்த்துப் பல காலம் ஆகிவிட்டது.

திருமதி ஹென்ஷெல் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். ஹிருத் தெரிந்த ஜெர்மன் மொழியையெல்லாம் திரட்டிக் காலண்டர் கதையைச் சொன்னாள். தங்கள் நாட்டில் இப்போதுதான் இரண்டாயிரத்துப் பதினாறு பிறந்திருக்கிறது என்றாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நெசமாவா? அங்கயே வந்துடலாம் போலிருக்கே. ரெண்டாயிரத்துப் பதினாறுல எனக்கு இடுப்பு வலியே கிடையாது."

பிறகு கணினியில் தேடிப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். நம்புவதாகச் சொன்னார். ஆனால் தான் நம்பினால் மட்டும் போதாது, இங்கே வருவதற்கு முன்பே, பழைய காலத்திலேயே, இந்த நாட்டுக் கணக்கில் வருஷம் போட்ட அசல் ஏதாவது வேண்டும் என்றார். ஹிருத் பள்ளிச் சான்றிதழ்களை எடுத்து நீட்டினாள். எல்லாவற்றிலும் எண்பத்தேழு. மொழிபெயர்த்தவர்கூட எண்ணை அப்படியே எடுத்து எழுதியிருந்தார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து ஓரமாக வைத்தார்.

"இது ஒவ்வொண்ணும் உங்களுக்கு எதிராத்தாம்மா பேசுது."

ஹிருத் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கள்ளிச்செடி இரண்டாகத் தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த வியர்வை இறங்கியது. இது அழுகை அல்ல, சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துகொண்டாள். எழுந்து போய் வெளியே ஏதாவது வாங்கித் தின்றுவிடலாம், இவர் முன்னால் மட்டும் வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்தபடி எழுந்தாள். முழங்கால் மடங்கியது.

கண் திறந்தபோது வாய் முழுக்க இனிப்பு. தரையில் கிடந்தாள். தலைக்குக் கீழே யாருடைய மேல்கோட்டோ இருந்தது. திருமதி ஹென்ஷெல் இடுப்பு வலியோடு பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கன்னத்துக்குள் இன்னொரு சர்க்கரைக் கட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் அந்த அட்டை இருந்தது. கவிழ்ந்த பையிலிருந்து விழுந்த உறையைத் திறந்து எடுத்திருக்கிறார். அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: நான் சர்க்கரை நோயாளி. நினைவு தப்பினால் வாயில் சர்க்கரை வையுங்கள். என்னைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

ஹிருத் அட்டையை அடையாளம் கண்டுகொண்டாள். யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கே தெரிந்துவிட்டது. கையை நீட்டி அட்டையைப் பிடுங்கப் பார்த்தாள், கை எழவில்லை. கெதாச்சு சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை இனி எந்த முகத்தோடு சொல்வது?

திருமதி ஹென்ஷெல் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு கோப்பை ஆப்பிள் சாறு கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார்.

"இந்தப் படத்துல இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"எத்தனை வயசுல எடுத்தது?"

"அட்டை போட்டப்ப. ஒன்பது வயசு."

அந்த அம்மாள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, தோளில் நிற்காத சட்டை, காமிராவைப் பார்த்து மிரண்ட ஒரு குழந்தை. கீழே டாக்டரம்மா தன் ஊர்க் கணக்கிலேயே எல்லாவற்றையும் எழுதியிருந்தார். பிறந்தது 1995. அட்டை கொடுத்தது 2004. மேலே ஆஸ்பத்திரி முத்திரை.

"பாஸ்போர்ட் சொல்றபடி பாத்தா இந்தப் படத்துல உங்களுக்குப் பதினேழு வயசு. பதினேழு வயசுப் பொண்ணு இப்படியா இருப்பா?"

ஹிருத் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டையும் பார்த்தாள். முதல்முறையாக எண்பத்தேழு அவள் கண்ணுக்கே தப்பாகத் தெரிந்தது.

மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திருமதி ஹென்ஷெல் அட்டையோடு உள்ளே போனார். ஹிருத் காத்திருந்தாள். அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. வயதைக் காப்பாற்றிய அட்டைதான் நோயையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரு பக்கம் சேர்த்துக்கொள் என்கிறது, மறுபக்கம் சேர்க்காதே என்கிறது. உள்ளே எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். பாஸ்போர்ட்டைச் சீக்கிரம் திருத்திவிட வேண்டும், அதுவரை அட்டையின் நகல் போதும், பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கே தகவல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே போனார். வருஷத்தைத் தட்டினார். முகவரி கேட்டார், கைபேசி எண் கேட்டார். ஹிருத் அடுத்த கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை.

"மேடம், அந்த அட்டையில எழுதியிருக்கே..."

"படிச்சேனே. அதனாலதான சர்க்கரையை வச்சேன்."

"அந்த நோயை இதுல போடலையா?"

திருமதி ஹென்ஷெல் தட்டுவதை நிறுத்தினார். அவர் முகத்தில்தான் இப்போது அதிர்ச்சி தெரிந்தது.

"அதை எதுக்கும்மா போடணும்? நாங்க யார்கிட்டயும் அதைக் கேக்கிறதே இல்லையே."

ஹிருத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குளியலறைக் கண்ணாடி, கெதாச்சுவின் கட்டளை, வெண்ணெய் டப்பா, முகம் மாறாமல் இருக்கப் பழகிய முகம். எல்லாம் இங்கே யாரும் கேட்கப்போகாத ஒரு கேள்விக்காக. பிறகு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வந்துவிட்டது.

மறுபடி சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்துபோன திருமதி ஹென்ஷெல், அவசரமாக இன்னொரு கட்டியைப் பிரித்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லாமல் அவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.