பூரணி இளைத்த கதை

1

இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. யுத்தம் முடிந்த வருடம், எங்களூர் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உடல்நலப் பக்கம் ஒண்டு தொடங்கப் போறம். மரண அறிவித்தல் குறைஞ்சு போச்சு, இடம் கிடக்கு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். தலைப்பையும் அவரே தந்தார்: கொழுப்பைக் கரைக்க ஓட்டமா, பாரம் தூக்குவதா?

நான் ஓடுகிறவளும் இல்லை, தூக்குகிறவளும் இல்லை. கல்லடியில் ஒரு வாடகை அறையில் தனியே இருந்து எழுதி எழுதி இடுப்புப் பெருத்தவள். யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்தபோது, கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கென்று ஓர் உடற்பயிற்சி அறை இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். அங்கேயிருந்து கட்டுரைக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தேன்.

(அவசரக்காரருக்குக் கட்டுரையின் விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டம், நடை, சைக்கிள் எல்லாம் கொழுப்பை எரிக்கும், இதயத்துக்கும் நல்லது. ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வெறும் ஓட்டம் ஓடினால், கொழுப்போடு சேர்ந்து தசையும் போகும். தசை நிற்க வேண்டுமானால் பாரம் தூக்க வேண்டும். மீனோ முட்டையோ பருப்போ ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். இரண்டையும் செய்யுங்கள். வேலை உள்ளவர்கள் இத்தோடு போகலாம்.)

போகாதவர்களுக்கு: "தசையும் போகும்" என்று எனக்குச் சொன்னவள் அந்த அறையை நடத்துகிற அன்னப்பூரணி. சொல்லிவிட்டு, "எனக்குப் போனது" என்றாள்.

2

தொடக்கங்கள்.

"கடல் அன்று காலை" — அடித்துவிட்டேன். இந்தக் கரையில் எழுதப்படுகிற எல்லாமே இப்போது அப்படித்தான் தொடங்குகின்றன.

"அன்னப்பூரணி ஒரு முன்னாள்" — இதுவும் சரிவரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதைப் போட்டாலும் அவள் அதற்குள்ளே காணாமல் போய்விடுகிறாள்.

"அன்னப்பூரணிக்குத் தோள் அகலம்."

இது நிற்கட்டும்.

3

அன்னப்பூரணிக்குத் தோள் அகலம். பிறப்பில் அப்படி இல்லை. தேற்றாத்தீவில், தாய் கண்ணகைக்கு ஒரே பிள்ளை; தகப்பன் இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவளை இயக்கம் கொண்டுபோனது. அங்கே அவளுக்குச் சுமக்கிற வேலை. பெட்டிகளைச் சுமந்தாள், காயப்பட்டவர்களையும் சுமந்தாள். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு சித்திரையில் இயக்கம் இரண்டாக உடைந்தபோது, கிழக்கில் நின்ற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கட்டையாக வெட்டிய முடியும் யாரோ கொடுத்த சட்டையுமாகப் பூரணி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கண்ணகை அழுது முடித்தபின், பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்த பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து போடச் சொன்னாள். முழங்கைக்கு மேலே ஏறவில்லை.

"முடி வளந்திரும் மகள்" என்றாள் கண்ணகை. "இந்தத் தோள்மூட்ட என்ன செய்யிற?"

"இதில என்னம்மா இரிக்கி?"

"நான் பாத்த உடன கண்டுபிடிச்சிற்றன். மத்தவனுக்குக் கண் இல்லையா?"

சமாதான காலம்தான். ஆனாலும் சோதனைச்சாவடியில் நிற்கிற பெண் சிப்பாய்கள் முதலில் தோளைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். இயக்கத்தில் எஞ்சியவர்களும் திரும்பி வந்து ஆள் தேடினார்கள். அவர்கள் தேடியதும் இப்படிப்பட்ட உடம்பைத்தான். இரண்டு பக்கமும் ஒரே அடையாளத்தைத் தேடுகிறபோது, அடையாளத்தை இல்லாமற் செய்வதைத் தவிர வேறென்ன வழி?

அதற்கான வழி பூரணிக்குத் தெரிந்திருந்தது. காட்டுக்குள் சாப்பாடில்லாமல் நாட்கணக்காக நடந்தபோது எல்லாருக்கும் முதலில் கைதான் இளைத்தது. ஆகவே அவள் சோற்றைக் குறைத்தாள். மீனைத் தொடவில்லை. விடிந்ததும் கடற்கரை மணலில் ஓடினாள். ஊர் கேட்டபோது கண்ணகை, "டொக்டர் சொன்னவர், அவளுக்குச் சளி" என்றாள்.

உடம்பைக் கட்டியெழுப்ப எத்தனையோ பேர் பாடுபடுகிறார்கள். தன் உடம்பைக் கல் கல்லாகக் கழற்றிய ஒருத்தியை நான் அறிந்தது இந்த ஒருதரம்தான்.

4

[இந்த இடத்தில் அவள் இயக்கத்தில் இருந்த காலம் வர வேண்டும். கேட்டேன். "அது வேணாம் மிஸ்" என்றாள். ஆகவே இல்லை.]

5

கார்த்திகையில் பழைய ரவிக்கை ஏறியது. பின்னால் கொளுக்கி போட்டுவிட்டுக் கண்ணகை அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். கலியாணப் பேச்சும் வந்தது. உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிற குடும்பத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து பார்த்து, "நல்ல ஒடிசலான புள்ள" என்று சொல்லிப் போனாள். பூரணி அதைச் சொல்லும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அப்போது மட்டும்தான்.

மார்கழியின் அந்த ஞாயிற்றுக்கிழமை.

(இந்தப் பகுதியைப் பல தடவை எழுதினேன். அலை எவ்வளவு உயரம், என்ன நிறம், எப்படி இரைந்தது என்றெல்லாம் எழுதியதை எடுத்துவிட்டேன். அவள் சொன்னதை மட்டும் வைக்கிறேன்.)

ஓடிவிட்டு வந்து, தலைசுற்றி, வாசலில் குந்தியிருந்தாள். கண்ணகை உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு இரண்டு பேரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். தண்ணீர் பின்னால் வந்து தூக்கியது. பக்கத்து வீட்டு யன்னல் கம்பி பூரணியின் ஒரு கையில் அகப்பட்டது. மற்றக் கையில் தாயின் மணிக்கட்டு.

"அம்மாட கை வழுக்கல்ல மிஸ். அவ என்ன இறுக்கித்தான் பிடிச்சிருந்தவ. என்ட கைதான் விரிஞ்ச."

தன் வலது கையை எனக்கு முன்னால் நீட்டி, விரல்களை மெல்ல மெல்லத் திறந்து காட்டினாள்.

"பழைய கை இருந்திருந்தா விரிஞ்சிராது."

6

இன்னொரு பிரதி எழுதினேன். அதிலே கண்ணகை, "தோள் கிடந்தா கிடக்கட்டும், நீ சோத்தத் தின்னு" என்று சொல்கிறாள். பூரணி இளைக்கவில்லை. தண்ணீர் வருகிறது, கம்பியைப் பிடிக்கிறாள், தாயைப் பிடிக்கிறாள், பிடித்தபடியே நிற்கிறாள். தண்ணீர் வடிகிறது. கண்ணகை இருமிக்கொண்டே எழும்பி, தேங்காய் போய்விட்டதே என்று ஏசுகிறாள்.

நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு பகல் முழுவதும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பூரணி வாசித்தால் அது அவளுக்குக் கதையாக இராது, குற்றப்பத்திரிகையாகத்தான் இருக்கும். கிழித்துவிட்டேன்.

7

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். தந்ததையெல்லாம் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருதரம் அரிசியோடு வந்து, "எல்லாம் கொஞ்சம் ஆறட்டும் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. வீட்டுத்திட்ட வேலைகள் தொடங்கியபோது, பூரணி ஆண்களோடு நின்று சீமெந்துக் கல் சுமந்தாள். மற்றப் பெண்கள் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்க, அவள் இரண்டிரண்டாகத் தூக்கினாள். கை திரும்பி வந்தது. தோளும் வந்தது.

யுத்தமும் திரும்பி வந்தது. ஒரு சோதனைச்சாவடியில் பெண் சிப்பாய் ஒருத்தி அவளுடைய தோளைப் பிடித்து, பிடித்த கையை எடுக்காமலே, "என்ன வேல?" என்றாள்.

"கல்லுச் சுமக்கிறன்."

நம்பவில்லை. அங்கே கிடந்த மணல் மூட்டையைக் காட்டித் தூக்கச் சொன்னார்கள். தூக்கி, கூலியாட்கள் வைப்பதுபோல ஒரு பக்கத் தோளில் வைத்தாள். அவர்கள் சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள். ஆனால் அதன்பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து இறக்கி, மூட்டை அடுக்க வைத்தார்கள். வேலைக்குப் போகும்போதும் அடுக்கினாள், வரும்போதும் அடுக்கினாள்.

"பயமாக இருக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா மெலியிற எண்ணம் மறுகா வரவே இல்ல."

8

கல்லடி அறை ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியது. நிறுவனம் போய்விட்டது, நடக்கிற மெசின் ஒன்றும், தூக்கிப் பழகுகிற இரும்புக் குண்டுகளும், சாவியும் பூரணியிடம் மிஞ்சின. மாதர் சங்கம் வாடகை கட்டுகிறது. யுத்தம் முடிந்த கையோடு நிறையப் பெண்கள் வந்தார்கள். கலியாணம் பேசியிருந்தவர்கள், ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்கிறவர்கள். எல்லாருக்கும் மெலிய வேண்டும். எல்லாருக்கும் மெசின்தான் வேண்டும்.

பூரணி விடவில்லை. "முதல்ல குண்டத் தூக்குங்க. தூக்கினாத்தான் மெசின்."

"கை பெருத்திரும் அக்கா."

"அப்பிடி லேசில பெருக்காது. தூக்குங்க."

அவளுடைய குரலில் என்ன இருந்ததோ, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் போன நாட்களில் அறை வெறுமையாகத்தான் இருக்கும். யன்னலால் வாவி தெரியும். அவள் குண்டுகளைத் துணியால் துடைத்து, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, பிறகு கலைத்து, மறுபடி துடைத்துக்கொண்டிருப்பாள். வானொலிகூட இல்லை. சமைத்துச் சாப்பிடுவதும் அங்கேதான், படுப்பதும் அங்கேதான்.

நிற்காமல் வந்தது ஒருத்தி மட்டும்: காத்தான்குடி றஸீனா. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, நடக்கச் சொல்லி டொக்டர் அனுப்பியிருந்தார். ஓட்டோவில் வந்து இறங்கி, அபாயாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வந்ததிலிருந்து போகும்வரை சண்டை பிடிப்பார்.

"நடக்கச் சொன்னா நடக்க விடணும் புள்ள. நான் என்ன மூடை தூக்கவா போறன்?"

"தூக்குங்க ராத்தா."

"இதென்ன பிடிவாதம் ஒனக்கு? ஆரு ஒனக்கு என்ன செஞ்ச?"

அந்தக் கேள்வியைக் கேட்க இவ்வளவு காலமும் ஒருவரும் இருக்கவில்லை. பூரணி குண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நான் மூலையில் கதிரையில் இருந்தேன். எனக்குச் சொன்ன அதே வரிசையில், அதே சொற்களில், கடைசியில் விரல்களைத் திறந்து காட்டுவது உட்பட. தனியே இருந்து பல நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

றஸீனா, "நம்மட காக்கா ஆதம்பாவா" என்று தன் அண்ணனைப் பற்றித் தொடங்கினார். "மூடை தூக்கிற மனிசன். அரிசி மூடைய ரெண்டு பேர் பிடிச்சி ஏத்தத் தேவல்ல அவருக்கு, தனியத் தூக்குவாரு. அண்டைக்கு வீட்டுத் தூண்ல முதுகக் குடுத்துக்கிட்டு மகனப் பிடிச்சிக்கிட்டு நிண்ட. அவருக்கும் விரிஞ்சதுதான் புள்ள. ஒன்ட கை என்ன, அவர்ர கையே நிக்கல்ல."

பூரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேட்டாள்:

"அவர் ஒரு கையாலயா பிடிச்ச, ரெண்டு கையாலயுமா?"

"அது எனக்குத் தெரியா."

"ஒரு கையெண்டா..."

அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை.

9

ஆதம்பாவாவை நான் போய்ப் பார்த்தேன். றஸீனாதான் கூட்டிக்கொண்டு போனார். பெரிய மனிதர், இப்போது முழங்கால் வருத்தத்தால் மூட்டை தூக்குவதில்லை. அரிசி விலை பற்றிச் சொன்னார். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றிச் சொன்னார். நான் பத்திரிகைக்காரி என்றதும், ரோட்டு திருத்துவது பற்றி எழுதச் சொன்னார். மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

குடித்தேன்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது றஸீனா, "கேக்கல்லையா?" என்றார்.

"இல்ல."

"நானும் இத்தின வருசமாக் கேக்கல்ல" என்றார்.

10

முடிவுகள்.

முதலாவது: இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தூணில் முதுகு, பிள்ளையில் இரண்டு கை, அரிசி மூட்டையைத் தனியே ஏற்றுகிற உடம்பு, அதுவே நிற்கவில்லை. அப்படியானால் பூரணி இளைக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது. அவள் குண்டுகளைப் போட்டுவிட்டு, வருகிற பெண்களை மெசினில் நடக்க விடலாம்.

இரண்டாவது: ஒரு கையால். மற்றக் கை தூணைச் சுற்றியிருந்தது. அப்படியானால் அவளுடைய கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

மூன்றாவது: தெரியாது. உள்ளது இதுதான். றஸீனா இப்போதும் வருகிறார். சண்டை பிடிக்காமல் குண்டைத் தூக்குகிறார். அவருக்குச் சீனி குறைந்திருக்கிறது. ஆதம்பாவாவின் கையைப் பற்றி இரண்டு பேரும் பிறகு கதைத்ததில்லை. அவர் போனபின் பூரணி கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் பதித்த இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்குகிறாள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கிறாள். இறங்கி, மறுபடி தொங்குகிறாள்.

முதலாவதை நான் எழுதிவிடலாம். புனைவு என் தொழில். ஆதம்பாவா பத்திரிகை வாசிக்கிறவரும் அல்ல. ஆனால் என்னை அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

போன கிழமை முதன்முறையாக என் அறைக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"எழுதி முடிச்சிற்றீங்களா மிஸ்?"

"கடைசி வரி மிச்சம்."

"எது?"

சொன்னேன். கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அத நீங்க எழுதாதீங்க" என்றாள். "நீங்க பாவம் பாத்து எழுதுவீங்க. றஸீனா ராத்தாவும் அப்பிடித்தான் சொல்லுவா. வாசிக்கிற ஆக்கள் ஆராவது எழுதட்டும். அவங்களுக்கு என்னத் தெரியாதுதானே. தெரியாத ஆள் சொன்னா நம்பலாம்."

சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கமாகப் போனாள்.

ஆகவே, உங்களை அவளுக்குத் தெரியாது. எழுதுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காத்தான்குடியில், வீட்டுத் தூணில் முதுகைக் கொடுத்து நின்ற ஆதம்பாவா, தன் மகனை .................... கையால் பிடித்திருந்தார்.