பைக்குள் இரண்டு ஃபில்டர்கள்

ஈரத் துணியால் அக்காவின் கழுத்தைத் துடைத்துவிட்டு, நைட்டியைக் கழற்றுவதற்காக ஜெஸ்பின் அவளை ஒருபக்கமாகச் சாய்த்தாள். நைட்டியின் பைக்குள் ஏதோ விரலில் இடறியது.

"ஏன் நின்னுட்ட? ஒடம்பு வெறைக்கதுக்கு முன்ன சேலைய உடுத்தணும் மக்கா," என்றாள் நேசம்மாள் மாமி. சாத்திய அறைக்குள் அவர்கள் இருவரும், கட்டிலில் அக்கா பியூலாவும் மட்டும்தான்.

காலையில் மொட்டைமாடியிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தவள், சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து, "ஏட்டி, கொஞ்சம் வெள்ளம் தா" என்றாள். டம்ளரோடு ஜெஸ்பின் திரும்புவதற்குள் தலை மேசைமேல் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

ஜெஸ்பின் பைக்குள் இருந்ததை வெளியே எடுத்தாள். நடுவே கண்ணாடி பதித்த இரண்டு சிறிய உலோக வளையங்கள். ஒன்று உறை பிரிக்காதது. மற்றதில் புகை படிந்ததுபோல் கறை ஏறியிருந்தது.

பியூலா மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லித் தங்கையோடு இருந்துவிட்டவள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஒரு தொலைநோக்கி வைத்திருந்தாள். அந்த வகைக்கு ஹைட்ரஜன் ஆல்பா என்று பெயர் என்பாள். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் அதில் செக்கச்செவேலென்று தெரியும். கொஞ்ச காலமாகப் படம் மங்கிக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கிற ஃபில்டர் ஈரக்காற்றில் கெட்டுப்போயிற்று என்று வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒன்றை வரவழைத்தாள். அது வந்த அன்று உறையோடு தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கண்ணுக்கு ஆகாத வெளிச்சத்த எல்லாம் இதுதான் தடுக்குது, கேட்டியா. இது இல்லாம பாத்தா கண்ணு போயிரும். நோவே தெரியாது. அதான் பயம்."

பழையதைக் கழற்றியிருக்கிறாள். புதியதைப் போடவில்லை. மாடியில் நிற்கும் தொலைநோக்கியில் இப்போது இரண்டும் இல்லை.

"மாமி, ஆன்ஸி எங்க?"

"பச்சப் பிள்ள எதுக்கு இதப் பாக்கணும்? பிள்ளையள எல்லாம் மொட்டமாடிக்கு அனுப்பியாச்சு. அங்க வெளயாடிட்டு நிக்கு."

ஜெஸ்பின் அக்காவின் தலையை மெல்லத் தலையணையில் விட்டாள். கை அவ்வளவு மெதுவாக நகர்ந்ததே அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த நொடி கதவைத் திறந்து ஓடினாள்.

"ஏட்டி! இத இப்பிடிப் போட்டுட்டு எங்க போற?" மாமி அவசரமாக ஒரு போர்வையை இழுத்து பியூலாவின்மேல் போட்டாள்.

முன்னறையில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள் கணவன் லிபின், சவப்பெட்டிக்காரரிடம் போனில் நீளம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வந்திருந்த போதகர் அவளைக் கண்டதும் எதிரே வந்து, அவள் தலைமேல் கை வைத்துக் கண்களை மூடினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் ஜெபிக்கத் தொடங்கினார். அவளுடைய கால் மட்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. மேலே பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது; பிறகு நின்றது. அந்தக் கைக்குக் கீழிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடினாள்.

"துக்கத்துல இருக்கா, விடுங்க," என்று யாரோ சொன்னார்கள்.

படியில் கால் வழுக்கி முழங்கால் இடித்தது. மகளுக்கு ஆறு வயது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு, 'அம்மா, எனக்கு நடுவுல தெரியல' என்று ஆன்ஸி சொல்வது காதில் கேட்டது. அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவேண்டும்.

மாடியில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தியிருந்தார்கள். சூரியனோடு கூடவே தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஸ்டூலின்மேல் ஏறி நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணை அதில் அழுத்தி வைத்திருந்தாள் ஆன்ஸி.

"பாக்காத!"

இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். ஸ்டூல் உருண்டது. இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"பாத்தியா? மக்ளே, பாத்தியா நீ?"

"ஒண்ணும் தெரியல," என்றாள் ஆன்ஸி. உதடு பிதுங்கியது. "கருப்பாட்டுதான் இருக்கு. எல்லாம் இருட்டு."

ஜெஸ்பின் பிள்ளையின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி நிழலுக்குத் திருப்பினாள். "இங்க பாரு. அம்மயப் பாரு. இது எத்தன வெரல்?"

ஆன்ஸி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து அழத் தொடங்கினாள்.

"சொல்லு மக்ளே! எத்தன?"

"மூணு." விம்மலுக்கு நடுவே, "உன் கம்மல் ஒண்ணக் காணல."

ஜெஸ்பின் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், ஒன்று இல்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. பிள்ளையின் ஒரு கண்ணை மூடிவிட்டுக் கேட்டாள், மறு கண்ணை மூடிவிட்டுக் கேட்டாள். தொட்டிமேல் இருக்கிற காக்கா, எதிர்வீட்டுக் கொடியில் கிடக்கிற துணியின் நிறம், வேளிமலைக்கு மேலே நிற்கிற மேகம். எல்லாவற்றையும் ஆன்ஸி அழுதுகொண்டே சொன்னாள்.

அதன்பிறகுதான் எழுந்து தொலைநோக்கியின் முன்பக்கம் போனாள். சூரியனைப் பார்த்திருந்த அதன் வாயில் கறுப்பு மூடி போட்டிருந்தது. தொட்டாள். சுட்டது. திருகிப் பார்த்தாள். அசையவில்லை, கடைசி மரைவரை இறுக்கித் திருகியிருந்தது. நெஞ்சு வலியோடும் அக்கா இதை மூடிவிட்டுத்தான் படியிறங்கியிருக்கிறாள்.

ஜெஸ்பின் மோட்டாரை நிறுத்தினாள்.

"ஜெஸ்பின்! மாமி கூப்பிடுகா. மாலையெல்லாம் தோவாளையிலேர்ந்து வந்தாச்சு," என்று படிக்கட்டிலிருந்து லிபின் குரல் கேட்டது. மேலே வந்து பார்த்தவன், கிடக்கும் ஸ்டூலையும் அவள் முழங்காலில் கசிந்த ரத்தத்தையும் பார்த்தான். "என்னாச்சு?"

அவள் ஆன்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆன்ஸியையும் கூட்டிக்கொண்டே கீழே போனாள். பிள்ளை வேண்டாம் என்று மாமி தடுத்தும் கேட்கவில்லை. பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டு, மாமி உடுத்திவிட்டிருந்த வெள்ளைச் சேலையின் மடிப்புகளை ஒற்றைக் கையால் நீவிவிட்டாள். மறு கை ஆன்ஸியின் கையைப் பிடித்திருந்தது. பெட்டியில் வைத்தபோதும், முன்னறையில் பாட்டு எழுந்தபோதும், ஜனங்கள் வரிசையாக வந்து பியூலாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனபோதும் அப்படியே நின்றாள்.

"அம்மா, கை வலிக்கு," என்றாள் ஆன்ஸி.

ஜெஸ்பின் விரல்களைத் தளர்த்தினாள். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அவை மறுபடி இறுகியிருந்தன.