அலமாரி வழியாக வந்தவர்கள்

லிஃப்ட்காரர் மதியம் வீட்டுக்கு வந்து கண்ணயர்ந்ததும், காலையில் அவர் ஏற்றி இறக்கிய ஆட்களெல்லாம் வீட்டுத் துணி அலமாரிக்குள்ளிருந்து பின்பக்கமாக நடந்து வருவார்கள். கடைசியாகப் பார்த்தவர் முதலில், முதலில் பார்த்தவர் கடைசியில். ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஒரு காலைப்பொழுது நாலே நிமிடத்தில் கூடத்தைத் தாண்டி வாசல் வழியாகப் போய்விடும். கல்யாணமான இருபத்திரண்டு வருடமும் இப்படித்தான். அந்தக் கட்டடத்து ஆபீசுக்குப் போவதாகச் சொன்ன புருஷன் நிஜமாகவே போனானா என்று பார்க்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்ததும் உண்டு. எல்லோருக்கும் கடைசியில், விடிந்ததும் அவர் பார்த்த முதல் முகமாக, கையில் டம்ளரோடு அவர் மனைவி வருவாள். கூடத்தில் நிற்கும் மனைவி, வரும் தன்னையே பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வாள்.

அவர் மூளைக்காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து எழுந்த பிறகு, அலமாரியிலிருந்து அவள் மட்டும் வரவில்லை. அவருக்கு வேலை மறக்கவில்லை. வீட்டுக்கு வழி தெரிந்தது, சாவி மாட்டும் ஆணி தெரிந்தது. அவளைத்தான் தெரியவில்லை. தினமும் கண்விழித்து, "அம்மா, நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். மூளைக்குள் சுண்டுவிரல் அளவில் ஓர் இடம் இருப்பதாகவும், பகலில் பழகிய ஆட்களைத் தூக்கத்தில் அது திரும்ப ஓட்டிப் பார்ப்பதாகவும் டாக்டர் விளக்கினார். "அப்படி ஓட்டிப் பாக்காத ஆள் மனசுல தங்க மாட்டாங்கம்மா. இப்ப அது லிஃப்டுல வர்றவங்களை மட்டும்தான் எடுத்துக்குது."

அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போட்டோக்களைக் காட்டினாள். ஒருநாள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி வாய்விட்டு அழுதாள். யாரோ ஒருத்திக்குக் கொடுப்பதுபோல் அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மணியானால் அலமாரி எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். கூரியர்காரன் வந்தான். ஒரே ஒரு தடவை வந்துபோன பூச்சிமருந்துக்காரன்கூட வந்தான். அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது.

கடைசியில் ஒரு காலை அந்தக் கட்டடத்துக்கே போய் வரிசையில் நின்றாள். எந்த மாடி என்று அவர் கேட்டார். வாயில் வந்தது ஏழு. ஏழில் இறங்கி, படிவழியாகக் கீழே வந்து, மறுபடி நின்றாள். முழங்கால் விட்டுப்போகும்வரை ஒன்பது தடவை.

அன்று மதியம் அலமாரியிலிருந்து அவள் ஒன்பது தடவை வந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தன் முதுகையே பார்த்து அழுதாள்.

அவர் விழித்தார். "ஏழாவது மாடி அம்மாதானே? இங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"உங்களைத்தான்" என்றாள்.

உட்காரச் சொன்னார். அவளும் உட்கார்ந்தாள்.

இப்போதும் தினமும் போகிறாள். ஏழாவது மாடியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.