கலியாணத்தில் வைத்த ஒப்பாரி

என் கணவர் குகநாதன் போய் மூன்று மாதமாகிறது. எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. லண்டனிலேயே சட்டன் பக்கம் இருக்கும் மச்சாள் இதைத் தெரிந்த சனத்துக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். "இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவள், கல்லு மாதிரி நிண்டாள்" என்றாளாம். சொல்லட்டும், அவளுடைய வாய்க்கு ஆர் பூட்டுப் போடுவது? ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை, அதுதான் என்னை அரித்தது. அந்த மனிசனில் எனக்குப் பாசமே இருக்கவில்லையோ? சமைத்தேன், தின்றேன், படுத்தேன். உள்ளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

மருமகள் ஹெல்மி பின்லாந்துக்காரி, கிழக்கே கரேலியாப் பக்கம். லண்டனில் இருக்கும் அவளுடைய சனம் வருடத்தில் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் கூடிச் சமைத்து, பாடி, ஆடும்.

"மாமி, நீங்களும் வாங்கோ" என்று வந்து நின்றாள். தமிழ் என் மகன் றஜீவன் பழக்கியது.

"ஆண்டுத் திவசம் முடியேல்லை. கொண்டாட்டத்துக்கெல்லாம் நான் வாறேல்லை."

"கொண்டாட்டம் இல்லையம்மா, சாப்பாடுதான்" என்றான் றஜீவன். கள்ளன். வீட்டில் தனியே இருந்தும் என்ன செய்யப்போகிறேன் என்று செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனேன்.

மண்டபம் முழுக்க வெண்ணெய் வாசம். ரை என்கிற தானியத்தின் மாவை அப்பளம் போலத் தட்டையாக உருட்டி, நடுவில் பாலில் அவித்த சோற்றை வைத்து, ஓரத்தை விரலால் சுருக்கிச் சுருக்கிச் சுட்டிருந்தார்கள். மேலே அவித்த முட்டையை வெண்ணெயோடு பிசைந்து வைப்பார்கள். சீனியும் இல்லை, உறைப்பும் இல்லை. போன வருடம் இவர் இதற்கென்றே டப்பாவில் உறைக்க உறைக்க இடிச்ச சம்பல் கொண்டுவந்து, தொட்டுத் தொட்டுத் தின்றவர். ஹெல்மியின் ஆட்களும் கண்ணீர் வர வர வாங்கித் தின்றார்கள். எனக்கு மானம் போய்விட்டது. இந்த முறை நான் வெறுமனே ஒன்றைத் தின்றேன். வாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை.

மேடையில் ஒருத்தி மடியில் வைத்து மீட்டிக்கொண்டிருந்த தந்தி வாத்தியம் நின்றது. ஒரு வயதான மனுசி முன்னுக்கு வந்து, துணியால் முகத்தை மறைத்து, அழுது பாடத் தொடங்கினாள். பக்கத்தில் ஒரு பெட்டை தலைகுனிந்து நின்றாள். பாஷை விளங்கவில்லை. ஆனால் வரிக்கு வரி குரல் இறங்கி இறங்கி வந்து உடைந்தது. ஒப்பாரி! அதுகூடத் தெரியாவிட்டால் நான் என்ன யாழ்ப்பாணத்தாள்? சனமோ கோப்பியும் போனும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

எங்களில் அழுகிறவளைத் தனியே அழ விடுவதில்லை. செத்தவீட்டுக்குள் கால் வைத்ததும் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். கண்ணீர் வராவிட்டாலும் கட்டிப்பிடிக்க வேண்டும். எழும்பினேன்.

"அம்மா, எங்கை போறியள்?" என்று றஜீவன் சேலையைப் பிடித்தான். உதறிவிட்டு மேடையேறி அந்த மனுசியைக் கட்டிப்பிடித்துத் தோளில் தலையை வைத்தேன்.

பாட்டு நின்றது. ஹெல்மி ஓடி வந்தாள்.

"மாமி, மாமி, இது செத்தவீடு இல்லை. கலியாணப் பாட்டு. பொம்பிளையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பேக்கை அழுது பாடுறது. இது சும்மா நடிச்சுக் காட்டுகினம்."

கலியாணமாம்! அந்தப் பெட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"கலியாணத்துக்கு ஆரடி ஒப்பாரி வைக்கிறது?" என்று கத்திவிட்டேன். கீழே ஆரோ சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன, கையை எடுக்கப் பார்த்தேன்.

மனுசி என்னை விடவில்லை. ஹெல்மியிடம் ஏதோ கேட்டாள்.

"ஆர் செத்தது எண்டு கேக்கிறா."

"இவர்" என்றேன். "சொல்லு. என்ரை மனுசன் எண்டு சொல்லு."

ஹெல்மி சொன்னாள். மனுசி தன் துணியில் பாதியை இழுத்து என் தலையையும் மூடினாள். பிறகு மெதுவாக, வேறொரு பாட்டைத் தொடங்கினாள். அவளுடைய கை என் முதுகை மேலும் கீழும் தடவிக்கொண்டேயிருந்தது.

இவரை எரித்த அன்று அடுத்த ஆளின் சவப்பெட்டி வாசலில் காத்திருந்தது. வந்தவர்கள் வரிசையாகக் கை தந்துவிட்டுப் போனார்கள். மச்சாள் போனை உயர்த்தி வீடியோவில் ஊருக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னை ஒருத்தரும் கட்டிப்பிடிக்கவில்லை.

துணிக்குள் எனக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கக் கையை எடுக்க மனம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன். இவரை நான் கூப்பிடுகிற சொல், மூன்று மாதமாக வாயில் வரவில்லை. "இஞ்சாருங்கோ, நான் சம்பல் கொண்டு வரேல்லை."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகைக் குரல் எழும்பியது.