என் சிறுநீரகமும் ஒரு டின் பொடியும்

கோபம் வந்தால் எனக்கு இடம் பொருள் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை. ஜொகூர் பாருவில் ஆறு கட்டில் போட்ட அந்த ஆஸ்பத்திரி வார்டில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி மனைவி மெலிசாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

பின்னே என்ன? தம்பி ரோலண்ட் நாலு வருஷம் டயாலிசிஸில் கிடந்து நொந்து போனவன். போன வருஷம்தான் என் இடது சிறுநீரகத்தை அறுத்துக் கொடுத்தேன். தழும்பு இன்னும் இழுக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை இவர்களுக்கு!

அன்று காலையில்தான் டாக்டர் கஸ்தூரி பயாப்ஸி முடிவோடு வந்திருந்தார்.

“டோரிஸ், கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் உங்க செல் வேற, தம்பி செல் வேற. அவர் ரத்தத்துல டி செல்னு காவக்கார செல் இருக்கு. உங்க கிட்னி செல்ல தொட்டுப் பாத்து, ‘இது நம்ம ஆள் இல்ல’ன்னு தெரிஞ்சா சும்மா விடாது. அத அடக்கி வைக்கத்தான் ரெண்டு வேள மருந்து. இப்ப ரத்தத்துல மருந்து கொறஞ்சு போச்சு. டி செல் கிட்னிக்குள்ள பூந்து அடிக்குது. அடி படுற கிட்னி செல் கத்தும். அந்தக் கூச்சலுக்கே இன்னும் நூறு டி செல் ஓடி வரும். மருந்த ஒழுங்கா போட்டாருங்கிறீங்க. வேற என்ன சாப்பிட்டாரு?”

மெலிசா தரையைப் பார்த்தாள். “ஒரு பொடி, டாக்டர். எதிர்ப்புச் சக்திக்கு. சொந்தக்காரங்க ஒருத்தர் குடுத்தாங்க.”

“அலமாக்! இவருக்கு எதிர்ப்புச் சக்திதான் எதிரியே. சில வேர்ப்பொடி மருந்த ஒடம்புல தங்க விடாது. டின்ன கொண்டாந்து காட்டுங்க.”

மூன்று நாள் ஊசி போட்டுப் பார்ப்பதாகவும், கேட்காவிட்டால் மறுபடி டயாலிசிஸ்தான் என்றும் சொல்லிவிட்டு டாக்டர் போனார். ரோலண்ட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“அறிவிருக்கா உனக்கு?” என்று ஆரம்பித்தேன். “எவளோ குடுத்தா கலக்கிக் குடுத்துருவியா? என் ஒடம்ப கிழிச்சுக் குடுத்தது நீங்க வெளையாடவா? யாரு அந்த சொந்தக்காரி? பேரச் சொல்லு. அந்தக் கோடியில தங்காக் ஊர்ல இருந்தாலும் போயி, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!”

அவள் பேரைச் சொல்லாமல் ரோலண்டின் போர்வையை இழுத்துவிட்டாள். அது என் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

மறுநாள் உலு திராமில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்தாள். “நீங்க பாக்க வேணாம் அண்ணி, நானே டாக்டர்ட்ட குடுத்துக்கிறேன்” என்றாள். வெடுக்கென்று பிடுங்கினேன். பச்சை டின். அதன் மேல் செலோடேப் போட்டு ஒட்டிய கிறிஸ்துமஸ் அட்டை.

‘ரோலண்ட், பச்சை டின்னில் இருப்பதைத் தினமும் குடி. உடம்பு தேறும். அன்புடன், அக்கா.’

என் கையெழுத்து.

கிறிஸ்துமஸுக்குக் கம்பெனியில் எனக்குக் கொடுத்த ஹேம்பரில், அந்தப் பரிசுக் கூடையில், இருந்த டின் அது. எல்லோரும் செய்கிற மாதிரி நானும் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல், டின்னில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துக்கூடப் பார்க்காமல், அட்டையை மட்டும் மாற்றிக் கூடையைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

“அக்கா சொல்லிருச்சுன்னு அட்டைய டின்னுலயே ஒட்டி வெச்சு, ஒரு நாள் விடாம குடிச்சாரு” என்றாள் மெலிசா. “சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்...”

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு திட்டையும் எதற்கு வாங்கிக்கொண்டாள்? ஹேம்பர் கொடுத்த மேனேஜர் மேல், பொடி அரைத்தவன் மேல், யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அட்டையில் இருந்தது என் எழுத்து.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். “பாதி காப்பாத்திட்டோம். போன பாதி போனதுதான். அந்த சொந்தக்காரங்க யாருன்னு சொல்லுங்க லா, வேற யாருக்கும் குடுத்துடப் போறாங்க.”

மெலிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நான்தான் டாக்டர். கிட்னி குடுத்ததும் நான்தான், பொடி குடுத்ததும் நான்தான்.”

ஆறு கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவளைத் திட்டியதும் அப்படித்தானே திட்டினேன்.