சாம்பல் ஓரம்

குடும்பத்தில் அவனுக்கு ‘மர்மம்’ என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர். “என்ன வேலை பார்க்கறே மாப்ள?” என்று மாமா கேட்கும்போதெல்லாம் “கம்ப்யூட்டர்ல மாமா” என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் உதிர்ந்ததில்லை. மறைக்க வேண்டிய வேலை ஒன்றுமில்லை. விளக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கண்கள் மெல்லச் செருகுவதைப் பார்த்துப் பார்த்து அவனே விட்டுவிட்டான்.

இணையத்தில் யார் எங்கே போகிறார்கள் என்று எவருக்கும் தெரியாமல் போய்வர ஒரு வலையமைப்பு. அதற்கான உலாவியை எழுதும் சிறு குழுவில் அவன் மூத்தவன். இரண்டு வருடமாக ஒரு புகார்கூட வரவில்லை என்பது அவனுடைய பெருமை. அந்தப் பெருமையைச் சோதிக்கவென்றே குழுவில் ஒரு டிசைனர் வந்து சேர்ந்தாள்.

“சார், உங்க புரோகிராமை மனுஷங்க யாராவது பயன்படுத்திப் பார்த்திருக்காங்களா?”

“நாங்க எல்லாரும் தினமும் பயன்படுத்தறோமே.”

“மனுஷங்களைக் கேட்டேன்.”

ஆளுக்கு ஒருவராக, கம்ப்யூட்டர் தொழில் தெரியாத சொந்தக்காரரை அழைத்து வரச் சொன்னாள். ஓர் அறையில் அவர்கள் உலாவியைப் பயன்படுத்துவார்கள்; பக்கத்து அறையில் கேமரா வழியாகத் திரையிலும் ஒலிபெருக்கியிலும் குழு கவனிக்கும். விதிகள் கடுமையாக இருந்தன. உதவி செய்யக்கூடாது. தலையில் அடித்துக்கொள்ளக்கூடாது. முக்கியமாக, தன் வீட்டு ஆள் சோதனையில் இருக்கும்போது அழைத்து வந்தவர் கவனிக்கும் அறைப் பக்கமே வரக்கூடாது.

அவன் அக்காவை அழைத்து வந்தான். தையல் கடையில் துணி வெட்டுகிறவள். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உலாவியைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். இரண்டு வருடத்தில் ஒரு சந்தேகம்கூட அவள் கேட்டதில்லை. தேர்வுக்குத் தயாராக இருக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். வாசலோடு போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. கேபிள் ஒன்று தளர்ந்திருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, பக்கத்து அறையில் மேசைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். உலகத்தாரை ஒருவரும் வேவு பார்க்கக்கூடாது என்று முடி கொட்ட உழைத்தவன், கூடப்பிறந்தவளை ஒளிந்திருந்து பார்த்தான்.

“வீட்டுல யாருக்கும் தெரியாம ஒரு விஷயத்தைத் தேடணும்னு வச்சுக்குங்கக்கா,” என்றாள் டிசைனர்.

“வச்சுக்கவே வேண்டாம்மா. அப்படித்தான்,” என்று அக்கா சிரித்தாள்.

உலாவியைத் திறந்தாள். தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினாள். பிறகு உலாவியின் ஜன்னலைப் பெரிதாக்க மூலையில் இருந்த சின்னக் கட்டத்தை அழுத்தினாள். இணைப்புப் பொத்தானுக்கே இன்னும் போகவில்லை. அதற்குள் சிவப்பாக ஒரு பட்டை வந்து விழுந்தது.

‘எச்சரிக்கை! இச்செயலால் உங்கள் அடையாளம் வெளிப்படக்கூடும்.’

எழுதியவன் அவன்தான். எழுதிய அன்று அதன் சுருக்கத்தை நினைத்துத் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அக்கா சூடான தோசைக்கல்லைத் தொட்டவள்போலக் கையை இழுத்தாள். அடுத்த கணம் ஆளைக் காணோம். மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். பிடுங்கியும் விட்டாள். கேமராவும் அதே பிளக்கில்தான்; திரை இருண்டது. ஒலிபெருக்கி மட்டும் உயிரோடு இருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“போன தடவையும் இதேதாம்மா. வீட்ல இதைத் திறந்தேன், சிவப்பா வந்துது, பிடுங்கிட்டேன். யாருக்கெல்லாம் தெரிஞ்சுதோன்னு ஒரு வாரம் சோறு இறங்கல.”

“தம்பிகிட்ட சொல்லலையா?”

“சொன்னா, என்ன தேடினேன்னு கேட்பான். அவன் பாவம், ஊருக்கு நல்லது பண்றான். நமக்குத்தான் அறிவு பத்தல.”

மேசைக்குப் பின்னால் இருந்தவன் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்துகொண்டான்.

“ஏழு பேர் இருக்கிற வீடும்மா, ஒரே கம்ப்யூட்டர். ஒரு தடவை முழங்கால் வலின்னு தேடிட்டேன். அப்புறம் யார் உட்கார்ந்தாலும் முழங்கால் பட்டை விளம்பரம். மாமியார், ‘யாருக்குடி முழங்கால்?’னு வீடு பூரா விசாரணை. அதுவாவது முழங்கால், போகட்டும். இப்ப எனக்குக் கேட்க வேண்டியது முழங்கால் இல்ல.”

ஒலிபெருக்கி நின்றுபோனது. டிசைனர்தான் மைக்கை அணைத்திருக்க வேண்டும்.

அக்கா போன பிறகு அவள் பக்கத்து அறைக்கு வந்தாள். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்த மூத்த புரோகிராமரைப் பார்த்தாள்.

“கேபிள்…” என்றான்.

“நல்லா இருக்கு சார்,” என்றாள். அது கேபிளைப் பற்றியதல்ல என்று அவனுக்குப் புரிந்தது. “மைக்கை எப்ப அணைச்சேன்னு தெரியும்ல? அதுக்கு முன்னாடி அவங்க பேசினதும் உங்களுக்குக் கேட்கல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்க, நான் வேலையை விட்டுடுவேன்.”

தலையாட்டினான். ஆனாலும் வீம்பு முழுதாக அடங்கவில்லை.

“ரெண்டு வருஷமா ஒருத்தர்கூட புகார் சொல்லலையேம்மா.”

“புகாரை எங்க எழுதணும்?”

“அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. புகார் சொல்றவங்க யாருன்னும் தெரியக்கூடாதில்ல? அதனால நம்ம நெட்வொர்க்குக்கு உள்ளேயே வச்சிருக்கோம். உலாவியில இணைஞ்சாத்தான் திறக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“அதாவது,” என்றாள் டிசைனர் பொறுமையாக, “உள்ள வர முடியலைங்கிறதை உள்ள வந்து சொல்லணும்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் ஒரு சக்கரம் கழன்றிருந்ததால் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தான். அப்படியே சாய்ந்து இருந்தான்.

புகார்ப் பக்கத்தை வெளியே கொண்டுவருவது சுலபம். சிவப்புப் பட்டைதான் பாடாய்ப் படுத்தியது. எச்சரிக்கை பொய்யில்லை. ஒவ்வொருவரும் ஜன்னலை ஒவ்வோர் அளவுக்கு இழுத்தால், அந்த அளவை வைத்தே ஆளை அடையாளம் பிடிக்க இணையத்தளங்களால் முடியும். அதனால் பெரிதாக்காதே என்று இத்தனை நாள் பயனாளிகளை மிரட்டி வந்தான். மிரட்டுவதற்குப் பதில் வேறென்ன செய்வது என்று யோசித்தபோது அக்காவின் கடைதான் கண்ணில் வந்தது. அங்கே தைத்துத் தொங்கவிடும் சட்டைகள் நாலைந்து அளவில்தான் இருக்கும். எந்த உடம்பு வந்தாலும் அதில் ஒன்றுக்குள் புகுந்துகொள்ளும்.

ஜன்னலை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். உள்ளே தெரியும் இணையப் பக்கம் மட்டும் ஊரில் எல்லோருக்கும் பொதுவான அளவுகளில் ஒன்றில் போய் நிற்கும். மீந்த இடத்தைச் சுற்றிலும் சாம்பல் நிற ஓரம் நிரப்பிவிடும். அளவை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது; எச்சரிக்கையே தேவையில்லை. சொல்ல இரண்டு வரி; செய்ய மூன்று வாரம். அந்த ஓரம் ஒரு நாள் இடப்பக்கம் வீங்கியது, ஒரு நாள் பக்கத்தையே விழுங்கியது. முதல் திரையில் அவன் எழுதிவைத்திருந்த நாலு பத்தி விளக்கத்தை டிசைனர் தூக்கியெறிந்துவிட்டு ‘இணை’ என்று ஒரே ஒரு பொத்தானை வைத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து பெரிதானது. அதில் மட்டும் அவன் ஒரு வாதமும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான்.

“வாங்க மர்மம்!” என்றார் மாமா, சோபாவிலிருந்து எழாமலே.

உள்ளறையில் கம்ப்யூட்டரில் புதிய உலாவியைப் போட்டான். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இனிமே சிவப்பா எதுவும் வராதுக்கா. எவ்வளவு வேணா பெரிசாக்கிக்கோ.”

அக்கா அவனைப் பார்த்தாள். சிவப்பைப் பற்றி இவனிடம் எப்போது சொன்னோம் என்று அவள் முகம் யோசித்தது. அவன் கீபோர்டில் இல்லாத தூசியை ஊதினான்.

“நிறைய பேர் சொன்னாங்க,” என்றான்.

“நிறைய பேரா?” அவள் தோள் சற்றே இறங்கியது. “அப்ப எனக்கு மட்டும் இல்லையா?” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சரி, நீ போய் மாமாகூடப் பேசிட்டு இருடா.”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். என்ன தேடப் போகிறாள்? உடம்பா? மனசா? பிள்ளைகள் விஷயமா? நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கினான். மாமா எழுந்தார்.

“செய்தி பார்க்கணும். கம்ப்யூட்டர் சும்மாத்தானே இருக்கு?”

அவன் கதவுக்கு முன்னால் நின்றான். ஒதுங்குவதற்குப் பதில் கதவுநிலையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

“மாமா, என்ன வேலைன்னு கேட்டுட்டே இருப்பீங்கல்ல. சொல்லட்டுமா?”

மாமா மலைத்துப்போய் மறுபடி உட்கார்ந்தார். வருடக்கணக்காகக் கேட்டுவந்த கேள்வி அல்லவா?

“ஒருத்தர் ஓர் இடத்துக்குப் போகணும். யாருக்கும் தெரியக்கூடாது. நேராப் போகாம மூணு ஆள் கைமாறிப் போறாங்க. மொத ஆளுக்கு, வந்தது யாருன்னு தெரியும். எங்க போறாங்கன்னு தெரியாது.”

“கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே?”

“கேட்கக்கூடாது.”

“அவனுக்கு ஆசை இருக்காதா?”

“நிறைய இருக்கும் மாமா.”

“அப்ப என்னதான் செய்வான்?”

“சும்மா நிப்பான்.”

உள்ளே ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தொடர்ந்தது. அவன் குரலை உயர்த்தி இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். மூன்றாவது ஆள் வருவதற்குள் மாமாவின் கண்கள் செருகிவிட்டன. வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டே வந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது. ஆனால் பெரிய துணிமூட்டையை இறக்கி வைத்தவள்போல் கையை வீசி நடந்தாள்.

“நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா சுத்தி ஓரத்துல சாம்பல் கலர்ல இவ்வளவு இடம் எதுக்கு? சும்மா கிடக்கு. அதை எடுத்துடேன்.”

அந்த மூன்று வாரமும் அவன் கண்முன் வந்து போனது.

“பார்க்கறேன்க்கா,” என்றான்.