ஆறாம் நம்பர் செருப்பு

கார்த்திகை இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு ஜோடி செருப்போடு கல்வராயன் மலை ஏறிய கள்ளக்குறிச்சிக்காரர்கள் பதின்மூன்று ஜோடியோடு இறங்கி வந்தார்கள். கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் ரியாசுதீன், பனிக்காலம் வந்தால் ஞாயிறுதோறும் இப்படி ஆள் சேர்த்து மலை நடைக்குக் கூட்டிப்போவார். சர்க்கரைக்குப் பயந்தவர்கள் பாதி, வீட்டில் இருக்கப் பயந்தவர்கள் மீதி. வெள்ளிமலைக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு தட்டைப் பாறை வரும். அதற்கு அப்பால் சாமி நடமாடுகிற இடம் என்று மலைக்காரர்கள் செருப்புப் போடுவதில்லை. நம்மவர்களும் பாறையில் கழற்றிவிட்டு, குளிரில் பல் கிட்டிக்க உச்சிவரை போய், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத மூட்டத்தில் பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அவரவர் செருப்பை அவரவர் மாட்டிக்கொண்ட பிறகு ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. பெண்கள் போடுகிற செருப்பு, நீல வார், ஈரமாக, கூட வந்த அறிவுச்செல்வனின் செருப்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில். ரியாசுதீன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "லேடீஸ் ஆறாம் நம்பர். நம்ம கடை சரக்கு இல்ல" என்றார். போன பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

கீழே சோதனைச்சாவடியில் இருக்கும் வனக்காவலர், ஏறும்போதே தண்ணீர் பாட்டில்வரை எண்ணி எழுதிக்கொள்பவர். மலையில் குப்பையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்று சமவெளி ஆட்களில் ஒருவரையும் நம்பாத மனிதர். செருப்பை அவரிடம் ஒப்படைக்கப் போனார்கள். "மேல இருந்து எறங்குச்சின்னா அது ஒங்க கூட வந்ததுதான். எட்த்துக்கினு போங்க" என்று சொல்லித் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். யார் கொண்டுபோவது என்று வேனில் பேச்சு வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் செருப்போடு வாசலில் போய் நின்றால் பதில் சொல்லி மாளாது. பதினொரு பேருக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டிய ஆள் இருந்தது. அறிவுச்செல்வனுக்கு இல்லை. அதனால் அவர் பையில் போட்டார்கள்.

அறிவுச்செல்வன் சேலம் சாலையில் ஒரு எடைமேடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். கரும்பும் மக்காச்சோளமும் ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். இவர் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து எண்ணைப் படித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு நூறு டிரைவர்கள் அவரிடம் பேசுவார்கள், நூறு பேரும் கேட்பது "எவ்ளோ?" என்ற ஒரே கேள்வி. சொந்த ஊர் திருநாவலூர். தங்கைகள் இரண்டு பேருக்கும் செய்து முடித்து, அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வயது நாற்பத்து நாலு. அவருக்கு ஒரு பெண் பார்க்க வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஞாயிறு நடைக்கு அவர் வந்ததே, கூட நாலு பேர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கட்டும் என்றுதான்.

அந்த வாரம் அவருக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. குடியிருந்த மாடியை, தை மாதம் மகன் கல்யாணம் என்று வீட்டுக்காரர் வீரமுத்து திருப்பிக் கேட்டிருந்தார். மார்கழி பிறப்பதற்குள் காலி செய்துவிட வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் நம்மூரில் யாரும் குடிபோக மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை மார்கழி. கையில் இருந்தது ஏழு நாள். கிடைக்காவிட்டால் பனி மாதம் முழுக்க எடைமேடைக் கேபினில் தரையில் படுக்க வேண்டியதுதான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கல்யாணம் பண்ணாமல் வாடகைக்கு வீடு தேடிப்பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

திங்கட்கிழமை கச்சிராயபாளையம் சாலையில் கமலா என்ற அம்மாளின் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் மட்டும்தாங்க என்றார். ஒண்டிக்கட்டைக்கு வீடு விடுவதில்லை என்ற வழக்கமான பதில் வரும் என்று அதற்குத் தயாராகத்தான் நின்றார். அந்த அம்மாள் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். "அப்ப அது யாரு செருப்பு?" அவர் செருப்பை ஒட்டி நீல வார் செருப்பு நின்றுகொண்டிருந்தது, ஈரம்கூடக் காயாமல். காலையில் அதைப் பையோடு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். "ஒரு பொம்பளைய தெருவுல நிக்க வெச்சிட்டு நான் மட்டும்தான்னு சொல்றீங்களே, நல்லாருக்கா இது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடு திரும்பினால் பை ஆணியில் தொங்கியது, செருப்பு அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்திருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலைக்கு நடுவே ஏழு வீடு பார்த்தார். முன்பு பெண் துணை இல்லை என்று கிடைக்காத வீடு, இப்போது இருக்கிறது என்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் மட்டும்தான் என்று சத்தியம் செய்தார். ஒவ்வொரு சத்தியத்துக்கும் அந்தச் செருப்பு கொஞ்சம் தள்ளி நின்றது. திங்களன்று ஒட்டி நின்றது செவ்வாயன்று ஒரு சாண் விலகியது, புதனன்று கீழ்ப்படிக்கு இறங்கியது, வியாழனன்று கேட்டுக்கு வெளியே போய்விட்டது. இதற்கிடையில் புதன்கிழமை மத்தியானம் லாரி இல்லாத நேரத்தில் மேடையைக் கூட்டுவதற்காக அவர் இறங்கி நடந்தார். ஐந்தைந்து கிலோவாகக் காட்டுகிற மேடை அது. பத்தொன்பது வருஷமாக அவர் ஏறி நின்றால் அறுபத்தைந்து காட்டும், அன்றைக்கு நூற்றிருபது காட்டியது. ஆக, ஐம்பத்தைந்து. அவருக்குப் பயம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சாயந்திரம் டீக்கடையில் வாய் தவறி இரண்டு டீ சொல்லிவிட்டார். சொன்னதை மாற்றாமல், ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை ஆவி பறக்க மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை தீபம். தெருவெல்லாம் அகல் ஏற்றிக்கொண்டிருந்தபோது நாராயணசாமி என்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியாருக்கு இவரை எடைமேடையில் பார்த்துப் பழக்கம். தராசுக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிறவர். தனியாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று மேல்போர்ஷனைத் திறந்து காட்டினார். நல்ல வீடு, கிழக்குப் பார்த்த ஜன்னல், குழாயில் தண்ணீர். இறங்கி வரும்போது தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்ற நீலச் செருப்பை வாத்தியார் கவனித்துவிட்டார். ஊரில் அதற்குள் பேச்சுப் பரவியிருந்தது.

"அது யாருதுங்க? ஒங்க பின்னாலயே சுத்திக்கினு இருக்குதாமே."

"யாருதுன்னே தெரியாதுங்க சார். எனக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

"அப்ப எட்த்துக் குப்பையில போட்டுட்டு வாங்க. சாவிய வாங்கிக்கினு போங்க."

 அறிவுச்செல்வன் போய்ச் செருப்பை எடுத்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார். போடும்போது உள்ளங்கை நனைந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து சாவியை வாங்கினார்.

சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் அவர் செருப்பு மட்டும் இருந்தது. வேலைக்குப் போனதும் முதல் காரியமாக மேடையில் ஏறி நின்றார். அறுபத்தைந்து. அத்தனை வருஷமாக அதே அறுபத்தைந்துதான், அப்போதெல்லாம் அது குறைச்சலாகப் பட்டதில்லை. சீட்டைத் தப்புத் தப்பாகக் கிழித்து மூன்று டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்க் குப்பைத்தொட்டியைக் கிளறினார். வண்டி வந்து அள்ளிப் போயிருந்தது. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக நெஞ்சு இப்படி அடைக்குமா என்று அவருக்கே ஆச்சரியம். அடைத்தது. சாயந்திரம் வாத்தியாரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னாங்க, வூடு புடிக்கலியா?" என்று கேட்டதற்கு, "வூடு நல்ல வூடுங்க சார். நான்தான் சரியில்ல" என்றார். அடுத்த நாள் கார்த்திகை முடிகிறது, அந்த நேரத்தில் கைக்கு வந்த சாவியைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் கள்ளக்குறிச்சியில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போனார். சோதனைச்சாவடியில் வனக்காவலர் ஒரே ஆள் என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். போன வாரம் பன்னிரண்டு பேர் வளவளவென்று பேசிக்கொண்டு போன பாதையில் இப்போது அவர் காலடிச் சத்தம் மட்டும். மூட்டம் அவருக்கு முன்னால் பத்தடி விலகி, பின்னால் மூடிக்கொண்டது. தட்டைப் பாறையில் ஒன்றும் இல்லை. தன் செருப்பைக் கழற்றி, பக்கத்தில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டு வைத்துவிட்டு, சில்லிட்ட பாறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "தப்புப் பண்ணிட்டேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது. இப்ப வூடும் இல்ல. தனியா இருக்க முடியல, அவ்ளோதான். வர்றதுன்னா வா."  செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வழியில் ஓர் இடத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை, பஸ்ஸில் செருப்பைக் கழற்றவும் இல்லை. பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் தாங்காது என்று பயம்.

பஸ் கள்ளக்குறிச்சிக்கு வரும்போது ரியாசுதீன் போன் செய்தார். "அண்ணே, எங்க மாமா வூட்டுல பின்பக்கம் ஒரு போர்ஷன் காலியா இருக்குது. இப்பவே போய்ப் பாருங்க. பேமிலிக்குத்தான் தருவாரு, அத மட்டும் பாத்துப் பேசிக்கங்க." மாமா என்றது அக்பர் அலியை, மளிகை மண்டி வைத்திருந்து ஓய்ந்தவர். நாலு மணிக்கு அறிவுச்செல்வன் அந்த வாசலில் நின்றார். வேறு வழியில்லை, செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினார், குனியாமல் உள்ளே போனார், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"எத்தன பேரு தம்பி?" என்று அக்பர் அலி கேட்டார்.

 திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். பார்க்கவில்லை.

"ரெண்டு பேருங்க பாய்."

அக்பர் அலி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி மெஹ்ராஜ் பேகம் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "இன்னா மனுசருங்க நீங்க, பொம்பளப் புள்ளைய வெயில்ல நிக்க வெச்சிட்டு வூட்டுக் கத பேசிக்கினு" என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். அந்த வீட்டில் வெளி ஆண்கள் கூடத்தில் இருந்தால் பெண்கள் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள், அது அங்கே எத்தனையோ காலமாக உள்ள வழக்கம். மெஹ்ராஜ் பேகம் படியிறங்கி, குனிந்து, நீல வார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்று சந்து வழியாகப் பின்பக்கம் போனார். அறிவுச்செல்வன் அப்போதுதான் திரும்பினார். அவர் செருப்பை ஒட்டி இரண்டு ஈரத் தடம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அக்பர் அலி அதைப் பார்க்காதவர்போல் அட்வான்சையும் கரண்டு மீட்டரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சமையல்கட்டில் அரை மணி நேரம் டம்ளர் சத்தம் கேட்டது. மெஹ்ராஜ் பேகம் இரண்டு தடவை சிரித்தார். பிறகு வந்து, "அதுக்குப் புடிச்சிருக்குங்க. சமையகட்டுல வெளிச்சம் பத்தலன்னுது, ஒரு ட்யூப்லைட்டு போட்டுக் குடுங்க" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் சாமான் வந்து இறங்கியது. கார்த்திகையின் கடைசி வெளிச்சத்தில் பால் பொங்கியது.

அதற்குப் பிறகு இரண்டு மார்கழி போய்விட்டது. அறிவுச்செல்வன் அவளைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. என்ன பேசுகிறாள் என்று ஒரு முறை மெஹ்ராஜ் பேகத்தைக் கேட்டதற்கு, "அது பொம்பளைங்க பேச்சு, ஒங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு புது ஜோடி ஆறாம் நம்பரை ரியாசுதீன் கடையிலிருந்து அவர் வாங்கி வைக்கிறார். பழையது மறுநாள் இருக்காது. ஞாயிறு நடையில் பாறையில் பதின்மூன்று ஜோடி கிடக்கும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்தும் தனியாகத்தான் சாப்பிடுகிறார், தனியாகத்தான் படுக்கிறார். அது சில நாள் பழையபடி வலிக்கத்தான் செய்கிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்தபோது பின்வாசலில் செருப்பு இல்லை. மழை அடித்துக் கொட்டியது. "கடத்தெருவுக்குப் போனா, மழையில மாட்டிக்கினா போல. வந்துடுவா" என்றார் மெஹ்ராஜ் பேகம். அறிவுச்செல்வன் உள்ளே போய் உட்கார்ந்தார், எழுந்து வந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். ஒருத்தரை இன்னும் காணோமே என்று அவர் வாசலைப் பார்ப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏழு மணிக்குப் பின்வாசல் படியில், வாரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, செருப்பு வந்து நின்றது. பாறையில் பேசியதற்குப் பிறகு அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, என்ன பேசுவதென்று தெரியாததால்.

"இவ்ளோ நேரமா? ஒரு கொட எட்த்துக்கினு போனா இன்னா?" என்றார்.

பிறகு துண்டை எடுத்துக் கதவில் போட்டுவிட்டு, ரசத்தைச் சுடவைக்கப் போனார்.